இருபத்தொரு வாய்ப்புகளும் ஒரு நன்றியுரையும்

விளக்கேற்றுவதற்காக நிறுத்திய மின்விசிறிகளை யாரும் திரும்பப் போடவில்லை. ஐந்து திரிகளில் மூன்று தானாகவே அணைந்துவிட்டன. மீதி இரண்டைக் காப்பாற்ற இருநூறு பேர் வியர்த்துக்கொண்டிருக்கிறோம். இருநூறு பேரில் வரலாற்றுத் துறை எழுபது பேர்தான். மற்றவர்கள் முதலாமாண்டு வணிகவியல். அவர்களுடைய ஆசிரியர் இன்று விடுப்பு, கூடம் காலியாகத் தெரியக் கூடாது, ஆகவே வரிசையாக நடத்திக் கொண்டுவந்து பின்பாதியை நிரப்பியிருக்கிறார்கள். வரலாறு படித்தால் என்னென்ன வாய்ப்புகள் என்று வணிகவியல் பிள்ளைகள் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். தெரிந்துகொண்டு எங்கள்மேல் இரக்கப்படுவார்கள். நான் இரண்டாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் எழுந்து போய் நன்றியுரை சொல்ல வேண்டியவள் என்பதால். அழைப்பிதழின் அடியில், அச்சகத்தின் பெயருக்கு ஒரு விரற்கடை மேலே, 'நன்றியுரை: செல்வி க. ஜீவிதா, மூன்றாமாண்டு வரலாறு' என்று போட்டிருக்கிறது. கையில் இருக்கும் தாள் வியர்வையில் நனைந்து துணி மாதிரி ஆகிவிட்டது. யார் யாருக்கு எந்த வரிசையில் நன்றி சொல்ல வேண்டும் என்று தனபாக்கியம் மேடம் சிவப்பு மையில் எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் ஒரு வருடம் அவரிடம் பேச மாட்டார். ஒரு பெயர் முன்னால் போனால் பின்னால் போன ஆள் இரண்டு வருடம் பேச மாட்டார். மூன்று வருடத்தில் இந்தக் கூடத்தில் பதினோரு நன்றியுரைகளுக்கு உட்கார்ந்திருக்கிறேன்; ஒன்றில்கூட ஒரு வாக்கியம் நினைவில்லை. பெயருக்கு உரியவர்கள்கூடத் தங்கள் பெயர் வரும்போது மட்டும் தலையைத் தூக்குவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மேடையில் இப்போது மேடம் பேசிக்கொண்டிருக்கிறார். துறைத்தலைவர், வரலாற்று மன்றத்தின் தலைவர், இந்தக் கூட்டத்தின் அமைப்பாளர், எல்லாம் அவரே. திரையில் 'வரலாற்று மாணவர்களுக்கான 21 வாய்ப்புகள்' என்று மஞ்சள் எழுத்தில் தெரிகிறது. ஒன்று, ஆசிரியர். இரண்டு, அரசுப் பணித் தேர்வு. மூன்று, அருங்காட்சியகம். நான்கு, சுற்றுலா வழிகாட்டி. ஏழாவதிலேயே பட்டியலுக்கு மூச்சு வாங்குகிறது. பதினொன்று, ஓட்டல் நிர்வாகம். பதினாறு, சொந்தத் தொழில். இருபத்தொன்று, 'இன்னும் பல'. இன்னும் பல என்பதையும் ஒரு வாய்ப்பாக எண்ணிச் சேர்த்திருக்கிறார். இல்லாவிட்டால் இருபதோடு நின்றிருக்கும். பக்கத்தில் ஷபீனா என் முழங்கையை இடிக்கிறாள். "பதினொண்ணுக்கு நான் போயிடறேன்டி. எங்க அத்தா பிரியாணிக் கடையில தேக்சா கழுவ ஆள் இல்ல. வரலாறு படிச்ச ஆள்னா பழைய தேக்சாவா குடுப்பார்." நான் சிரிக்கவில்லை. "என்னாடி மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? முகாம் உனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். ஃபீட்பேக் போட்டுட்டியா?" சிறப்பு விருந்தினர் இன்னும் பேசவே இல்லையே என்றேன். "நான் போட்டுட்டேன். 'மிகச் சிறப்பு'ன்னு மூணு இடத்துல அமுக்கினேன். சர்டிபிகேட்டும் வந்துடுச்சு, பாரு." செல்போனில் அவள் பெயர் பூவேலைப்பாடுள்ள கட்டத்துக்குள் மின்னுகிறது. இன்னும் நடக்காத ஒரு கருத்தரங்கில் அவள் சிறப்பாகப் பங்கேற்றுவிட்டாள். இந்தக் கூடத்தில் பாதிப் பேர் பங்கேற்றுவிட்டார்கள். எனக்கு இதுபோல இருபத்தாறு இருக்கின்றன. மரபு வார விழா வினாடி வினா, நாணயக் கண்காட்சித் தொண்டர், பானை ஓவியப் போட்டி ஆறுதல் பரிசு, 'நம் ஊர் நம் வரலாறு' ஊர்வலம். அந்த ஊர்வலத்தில் நான் ஒரு பதாகையின் இடது கம்பைப் பிடித்திருந்தேன். வலது கம்பைப் பிடித்தவளுக்கும் அதே சான்றிதழ். எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் அதைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். மாமாவுக்குப் பேருந்து நிலையத்தின் எதிரில் ஜெராக்ஸ் கடை. "எல்லாத்தையும் நம்ம கடையிலேயே லேமினேஷன் போட்டுத் தரேன் ஜீவி. பரீட்சை முடிஞ்சதும் வந்து கடையைப் பார்த்துக்க. நான் சாமான் வாங்க அலையலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தபடியே "நல்லதாப் போச்சு" என்றாள். இருபத்திரண்டாவது வாய்ப்பு.

ஆனால் ஒரே ஒரு தாள் இருக்கிறது. மேடையில் சிறப்பு விருந்தினர் எத்திராஜ் சார் முன்னால், தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே, காற்றே இல்லாத இடத்தில் பறந்துவிடாமல் வைத்திருக்கிறார்கள். அகழாய்வுப் பயிற்சி முகாம். கல்லூரிக்கு ஓர் ஆள். ஆற்றங்கரை மேட்டில் மூன்று மாதம் தங்கி, குழி வெட்டுவது, சல்லடையில் சலிப்பது, ஓடுகளைக் கழுவி எண் போடுவது, வரைவது. நன்றாகச் செய்தால் அடுத்த அகழாய்விலும் கூப்பிடுவார்கள். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது நீலக் கோப்பு முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஒரு தாளை மட்டும் வைக்கலாம். அதில் இரண்டு பெயர்கள் தட்டச்சாகியிருக்கின்றன, மேடமே காட்டினார். முதலில் என் பெயர். நான் போகாவிட்டால் போக வேண்டியவன் மாதேஷ். எத்திராஜ் சார் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. மாதேஷ் மேடையின் கீழே மடிக்கணினிக்கு முன்னால் நிற்கிறான். மன்றச் செயலாளர். வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டுக் கட்டிக்கொண்டு, எல்லாரையும் 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டு, வாசலில் கட்டியிருக்கும் பேனரில் தன் படம் மடிப்பில் போய்விட்டதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வாட்ஸ்அப்பில் 'வரலாற்றுச் சிங்கங்கள்' என்று குழு வைத்திருக்கிறான். ஒரு சோழ அரசன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் அப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தெரியாது, ஆனால் பசை எங்கே இருக்கிறது, குண்டூசி எங்கே இருக்கிறது, எந்த ஆசிரியருக்குச் சர்க்கரை போடாத டீ என்று எல்லாம் தெரியும். இவன் முகாமுக்குப் போனால் மண்வெட்டியோடு நின்று படம் எடுப்பான். குழியில் இறங்க மாட்டான். நான் வாயைத் திறந்தால் இவன் போவான். அதனாலேயே திறக்கக் கூடாது. இது ஒரு நல்ல காரணம். ஒரு மாதமாக இந்தக் காரணத்தைத்தான் பயன்படுத்துகிறேன், இன்னும் தேயவில்லை.

வாயைத் திறந்து சொல்ல என்ன இருக்கிறது? நான் பார்த்ததைத்தானே வரைந்தேன். நவம்பரில் மரபு நடை. நாற்பது பேர், கல்லூரிப் பேருந்து, ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம், ஒரு பயிற்சி மையத்தின் பெயர் அச்சிட்ட தொப்பி. ஒட்டுக்கல்பட்டியில் தக்காளித் தோட்டத்து ஓரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது, ஊர்க்காரர்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் என்று மேடத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் போயிருக்க வேண்டும். தேய்ந்துபோன சிற்பம் சாய்வான வெயிலில்தான் தெரியும். மேடு ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் நிழலாகவும் பிரிந்தால்தான் உருவம் எழுந்து வரும். மேடமே வகுப்பில் படித்துக் காட்டியதுதான். ஆனால் தொப்பி வந்து சேர நேரமாயிற்று, தொப்பியோடு படம் எடுக்க நேரமாயிற்று, வழியில் டிபன், டிபனோடு படம். கல்லுக்கு முன்னால் போய் நின்றபோது பன்னிரண்டு மணி. உச்சி வெயிலில் அது வெறும் பலகைக் கல். வில் மாதிரி ஒரு வளைவு, கால் மாதிரி இரண்டு கோடு. மாதேஷ் செல்போனில் படம் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "ஒண்ணுமே வுழல மேடம். பேப்பர்காரர் வெய்ட் பண்றார்." மேடம் என்னைப் பார்த்தார். "ஜீவிதா, நீதான் நல்லா வரைவியே. கோட்டை மட்டும் லேசா எடுத்துக் காட்டும்மா." கல்லின்மேல் சாக்பீஸ் போடக் கூடாது என்றும் அவரேதான் வகுப்பில் படித்துக் காட்டியிருந்தார். அதே புத்தகம், அடுத்த பக்கம். மாதேஷ் கால்சட்டைப் பையிலிருந்து வகுப்பறைச் சாக்பீஸை எடுத்து நீட்டினான். நான் மண்டியிட்டேன். கல் சுட்டது. வீரனுக்குக் கோடு போட்டேன். அது சரி, அது அங்கே இருந்தது, வில்லும் இருந்தது, இடுப்புக் கத்தியும் இருந்தது. அவனுக்கு இடப்பக்கம் கல் கொஞ்சம் உப்பியிருந்தது. அதில் ஒரு கொண்டையைப் பார்த்தேன். கொண்டை இருந்தால் கழுத்து இருக்கும், கழுத்து இருந்தால் தோள். பின்னால் நாற்பது பேர் 'ஆ' என்றார்கள். நான் பார்த்தேன். கண் கூசியது, வியர்வை இறங்கியது, ஆனால் பார்த்தேன். பார்க்காமல் எப்படி வரைய முடியும்?

மறுநாள் பத்திரிகையில் கால் பக்கம். 'கணவனுடன் உயிர் நீத்த பெண்: கல்லூரி மாணவியர் கண்டுபிடித்த அரிய நடுகல்.' மாணவியர் என்று பன்மையில் போட்டிருந்தார்கள். ஷபீனாவின் அத்தா அதை வெட்டிக் கடையில் ஒட்டினார். மேடம் இரண்டே வாரத்தில் கட்டுரை எழுதி ஒரு கருத்தரங்கில் வாசித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுத்த நூற்றாண்டும், அணிகலன்களும், சமூகநிலையும்! நான் அணிகலன் எதுவும் வரையவில்லையே என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நகரப் பேருந்தில் ஒட்டுக்கல்பட்டிக்குப் போனேன். மாலை ஐந்தரை மணி, நல்ல சாய்ந்த வெயில், புத்தகத்தில் சொன்ன வெயில். தக்காளி பறித்து முடிந்திருந்தது. கல்லை நெருங்குவதற்கு முன்பே மஞ்சள் தெரிந்தது. நான் போட்ட கோடுகளின்மேல் யாரோ பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வீரனுக்குச் சிவப்பு, அவளுக்கு மஞ்சள். அவளுக்குக் கண்ணும் மூக்குத்தியும் வைத்திருந்தார்கள். காலடியில் கண்ணாடி வளையல்கள், ஏழெட்டு ஜோடி. தோட்டக்காரர் திம்மராஜ் பம்புசெட்டை நிறுத்திவிட்டு வந்து சிரித்தார். "காலேஜ் பொண்ணுதானே நீ? உங்க புண்ணியத்துல எங்க வேடியப்பனுக்குப் பொண்டாட்டி வந்துட்டா. இத்தினி வருசமா ஒண்டிக்கட்டையா நின்னான் பாவம். செவ்வாய்க்கிழமையானா பொம்பளைங்க கூட்டம், எனக்குத் தோட்டத்துல கால் வெக்க எடமில்ல." அவர் டிராக்டரை எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றேன். பிறகு கல்லின் ஓரத்தில், பெயிண்ட் படாத இடத்தில், கன்னத்தைக் கல்லோடு வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். வீரனின் பக்கம் மேடும் பள்ளமுமாக, நெஞ்சு உயர்ந்து, தொடை உயர்ந்து, பெயிண்டுக்குள்ளேயும் அவன் இருந்தான். இடப்பக்கம் கல் தட்டையாக இருந்தது. மழையில் மேல்தோல் உரிந்து கொஞ்சம் உப்பிய வெறும் கல். கொண்டை இல்லை, கழுத்து இல்லை. மஞ்சள் மட்டும். பேருந்தில் திரும்பி வரும்போது எல்லாரையும் திட்டிக்கொண்டே வந்தேன். தொப்பியை, டிபனை, பேப்பர்காரரை, மேடத்தை, மூக்குத்தி வைத்தவனை, வளையல் வைத்த பெண்களை. ஒரு மணி நேரப் பயணம், ஆள் பற்றாக்குறையே இல்லை.

கைதட்டல். மேடம் இருபத்தொன்றை முடித்துவிட்டார். எத்திராஜ் சார் எழுகிறார். ஓய்வுபெற்ற தொல்லியல் அலுவலர், சிறப்பு விருந்தினர், சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்குகிறார். அது கீச்சென்று கத்துகிறது. காலை எட்டரைக்கே மேடம் இவரைக் காரில் ஒட்டுக்கல்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார் என்று மாதேஷ் சொன்னான். எட்டரை மணி. அப்போதும் வெயில் சாய்ந்துதான் இருக்கும். இவர் கன்னத்தை வைத்துப் பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் இந்நேரம் என்னைக் கூப்பிட்டிருப்பார். பார்க்காமல் இருந்தால் இவர் என்ன அலுவலர்? முப்பத்தைந்து வருடம் எதைப் பார்த்தார்? இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. இவர் பேசுவதைக் கேட்டால் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. தான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கதை, ஜீப் இல்லாமல் சைக்கிளில் போன கதை, கூடாரத்தில் பாம்பு வந்த கதை. எல்லா விருந்தினர் கூடாரத்திலும் ஒரு பாம்பு வருகிறது. பின்னால் வணிகவியலில் யாரோ குறட்டை விட, பத்துப் பேர் சிரிக்க, மாதேஷ் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடுகிறான். "காலையில மேடம் அந்தக் கல்லைக் காட்டினாங்க" என்கிறார் எத்திராஜ் சார். "பிரமாதமா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. கல்லுதான் தெரியல." கூடம் சிரிக்கிறது. மேடமும் சிரிக்கிறார், தன் பல்லுக்கு மேல் கைக்குட்டையை வைத்து. அவ்வளவுதான். அடுத்த கதைக்குப் போய்விட்டார். அது குத்தலா, வெறும் நகைச்சுவையா? முகத்தில் ஒன்றும் இல்லை. நான் ஏன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்? விடு. இவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆள் இந்த மாவட்டத்திலேயே இல்லை. எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும், அதனால்தான் எனக்குக் கிடைக்க வேண்டும். இது சரியாக ஓடுகிற வாதம்போலத்தான் இருக்கிறது, ஆனால் சக்கரத்தில் எங்கேயோ ஒரு பல் உடைந்திருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் 'டக்' என்று இடிக்கிறது.

"முகாமுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்கிறார். குரல் மாறியிருக்கிறது, கதை சொல்லும் குரல் இல்லை, வேலை சொல்லும் குரல். "குழியை வெட்ட வெட்ட மேல இருக்கறது போயிடும். நேத்து இருந்த தரை இன்னைக்கு இருக்காது. அதை வெட்டி எடுத்துட்டுத்தான் அடுத்த தரைக்குப் போறோம். அப்புறம் யாராவது வந்து, இங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டா, காட்டறதுக்குத் தரை கிடையாது. நாம வரைஞ்ச தாள்தான் இருக்கு. அதனால எனக்குப் படிச்ச ஆள் அப்புறம். வரையற ஆள் முதல்ல." மேடம் என் பக்கம் கை நீட்டிக் காட்டுகிறார், ஏதோ கடையில் பொருளைக் காட்டுவதுபோல. எத்திராஜ் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். ஷபீனா என் தொடையைக் கிள்ளுகிறாள். ஒட்டுக்கல்பட்டிக் கல் இருக்கிறது, என்றைக்காவது ஒருத்தி வந்து பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பார்ப்பாள், என்னைத் திட்டுவாள், சரியாகிவிடும். அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்திருந்தேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது. அந்த வரப்போகிறவள்மேல் எல்லாப் பாரத்தையும் வைத்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறேன். குழியில் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் ஒரு கோடு போடுவேன். ஒரு சுவர், ஓர் அடுப்பு. வெயில் அடிக்கும், பின்னால் யாராவது 'ஆ' என்பார்கள். மறுநாள் அந்தத் தரையை வெட்டி எடுத்துக் கூடையில் கொட்டிவிடுவார்கள். என் தாள் மட்டும் இருக்கும். யாராலும் கன்னத்தை வைத்துப் பார்க்க முடியாது.

"ஒட்டுக்கல்பட்டி நடுகல்லில் பெண் உருவத்தை முதன்முதலில் அடையாளம் கண்ட நம் மாணவி செல்வி ஜீவிதாவை முகாமுக்குத் தேர்வு செய்து" என்று மேடம் மைக்கில் படிக்கிறார், மீதி கைதட்டலில் போய்விடுகிறது. வணிகவியல்தான் பலமாகத் தட்டுகிறது. தட்டினால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். எத்திராஜ் சார் பாட்டிலை நகர்த்திவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுக்கிறார். ஷபீனா என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். "போயிட்டு வாடி. ஜெராக்ஸ் கடைக்கு நான் போறேன் உனக்குப் பதிலா. உங்க மாமா கலர் பிரிண்டுக்கு என்ன வாங்கறார்?" அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். ஜனவரியிலேயே இவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் "போடி லூசு, யார் பார்க்கப்போறா" என்றிருப்பாள், நானும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். "நிறைவாக நன்றியுரை" என்கிறது மைக். எழுந்திருக்கிறேன். ஐந்து படி. இப்போது நேராக அவரிடம் போய், சார், ஒரு நிமிஷம் என்று சொல்லலாம். அவர் காதருகே. மேடம் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். முடியாது. பிறகு கடிதம் எழுதலாம். எழுத மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். மைக்குக்கு முன்னால் நின்று கூடத்தைப் பார்க்கிறேன். இருநூறு பேரும் குனிந்து செருப்பைத் தேடுகிறார்கள். கதவருகே டீக் கேன் வந்துவிட்டது, பாதிக் கூடம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு முகம்கூட என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்த வழி தெரிந்தது. கேவலமான வழி. எடுத்தேன்.

ஆசியுரை வழங்கிய முதல்வர் அவர்களுக்கும், தலைமை தாங்கிய துறைத்தலைவர் அவர்களுக்கும், சிறப்பு விருந்தினராக வருகைபுரிந்து அரிய கருத்துகளை வழங்கிய ஐயா எத்திராஜ் அவர்களுக்கும், என்று சிவப்பு எண்களின் வரிசையில் ஒரே இழுவையில் போகிறேன். எல்லா நன்றியுரைகளுக்கும் உரிய குரல், மூக்கிலிருந்து வரும் குரல். நாற்காலிகள் உராய்கின்றன. மேடையை அலங்கரித்த மன்றச் செயலாளர் மாதேஷ் அவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்துத் தந்த சகோதரருக்கும் நன்றியைத் தெரிவித்துக்கொண்டு, ஒட்டுக்கல்பட்டி நடுகல்லில் பெண் உருவம் எதுவும் இல்லை என்பதையும் அதைச் சாக்பீஸால் வரைந்தது நான்தான் என்பதையும் இத்தருணத்தில் தெரிவித்துக்கொண்டு, தேநீர் ஏற்பாடு செய்த உணவகப் பணியாளர்களுக்கும், அமைதி காத்த மாணவ மாணவியருக்கும் நன்றிகூறி விடைபெறுகிறேன், நன்றி, வணக்கம். கைதட்டல். முழுக் கைதட்டல். மேடம்கூடத் தட்டுகிறார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. ஒருவரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன், யாரும் கேட்கவில்லை, இனி அது என் குற்றம் இல்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாகத் தோள் இறங்கியது. மாதேஷ் மடிக்கணினியில் விரலை வைக்க, நாட்டுப்பண் தொடங்கிவிட்டது. எல்லாரும் இருந்த இடத்தில் அப்படியே நிமிர்ந்து நின்றோம். பாதி குனிந்தவர்கள், ஒரு காலில் செருப்போடு நின்றவர்கள், டீக் குவளையை நீட்டியவர். மதியத்திலிருந்து இந்தக் கூடம் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. அந்த அமைதியில் பார்த்தேன்: எத்திராஜ் சார் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் அவர் வலது கையில் பேனா இருந்தது, மூடி திறந்திருந்தது, இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

பாட்டு முடிந்தது. கூடம் கதவை நோக்கிச் சரிந்தது. "ஏம்மா" என்றார் அவர். "நடுவுல கல்லைப் பத்தி என்னமோ சொன்னீங்களே. நாற்காலிச் சத்தத்துல சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க." மேடம் எழுந்துவிட்டார். "அது ஒண்ணுமில்ல சார், நன்றி சொன்னா. வாங்க சார், டீ ஆறிடும்." அவர் நகரவில்லை. "சொல்லும்மா." என் வாய்க்கு முன்னால் மைக் இன்னும் உயிரோடு இருந்தது, நான் மூச்சு விட்டது பெரிதாகக் கேட்டது. டீக் கேன் அருகில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இப்போது இருநூறு முகங்களும் தெரிந்தன. அவற்றில் ஒன்றையாவது மட்டமாக நினைத்துக்கொள்ளலாம் என்று தேடினேன், அகப்படவில்லை. சிவப்பு எண் தாளைக் கீழே வைத்தேன்.

"அந்தக் கல்லுல பொம்பளை உருவம் இல்ல சார். நான் போட்டது."

"தெரியாமப் போட்டியா?"

ஆமாம் என்றுதான் வாயில் வந்தது. இரண்டு மாதமாக அந்த வார்த்தையைத்தான் நாக்குக்குக் கீழே வைத்திருந்தேன்.

"இல்ல சார். தோள் வரைக்கும் போட்டேன், சாக்பீஸ் உடைஞ்சிருச்சு. கையை எடுத்துப் பார்த்தேன். அங்க ஒண்ணும் இல்ல. பின்னாடி எல்லாரும் பார்த்துட்டு நின்னாங்க. இன்னொரு சாக்பீஸ் கேட்டு வாங்கினேன்."

ஷபீனா வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார், சால்வையின் மேலேயே. எத்திராஜ் சார் தாளில் முதல் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். அளவுகோல் வைத்ததுபோல நேரான கோடு. பேனாவை இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. சரி. இனி மண்வெட்டியோடு படம்.

"சார்" என்றான் மாதேஷ். மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து நடந்து வந்து மேடையின் கீழே நின்றான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. பேனாவின் முனையைத்தான் பார்த்தான்.

"அந்த இன்னொரு சாக்பீஸ் குடுத்தது நான்தான் சார். அது உடைஞ்சப்போ நானும் குனிஞ்சு பார்த்தேன். ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் தெரியும்."